பயிற்சி நோட்டில் எதை எழுதுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் நடைப்பயிற்சி பற்றி எழுதியபோது, செய்ததை அன்றன்றே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் இந்த இதழின் இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. உடற்கல்வி ஆசிரியராக இருந்த 31 ஆண்டுகளில் மாணவர்களிடம் நான் அதிகம் வற்புறுத்தியதும், அவர்கள் அதிகம் தட்டிக்கழித்ததும் இந்த நோட்டைத்தான். அதனால் இத்தனை பேர் அதைப் பற்றிக் கேட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லாருக்கும் அப்படியே செய்திருக்கிறேன்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக ஆறு மாதமாக எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் ஓடுகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், எனக்கு 7.40க்குக் கீழே இறங்கவில்லை. தினமும் டைமிங் எழுதி வைக்கிறேன். எழுதியும் பயன் இல்லையே, ஐயா?
– வாசகர், சங்கரன்கோவில்

தம்பி, நீங்கள் கடிதத்தோடு வைத்திருந்த இரண்டு பக்க நகலைப் பார்த்தேன். 7.52, 7.45, 7.48, 7.41, 7.55, 7.43 என்று நாளுக்கு ஓர் எண் வீதம் இரண்டு பக்கமும் நிறைந்திருக்கிறது. எழுதியதில் பயன் இல்லை என்கிறீர்கள். எனக்கு அந்தப் பக்கங்களே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லிவிட்டன. ஆறு மாதமாக நீங்கள் தினந்தோறும் தேர்வு ஓட்டத்தையே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். முழுத் தூரத்தையும் முழு மூச்சில் நாள்தோறும் ஓடும் உடலுக்கு முந்தைய நாள் களைப்பிலிருந்து மீளவே நேரம் போதாது. மீளாத உடலில் வேகம் கூடாது.

இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டாவது பக்கத்தின் மூலையில், வேறு கையெழுத்தில், பென்சிலால் எட்டு எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன: 50, 55, 60, 64, 66, 68, 65, 32. உங்கள் நண்பர் யாரோ ஒருநாள் கோட்டருகே நின்று சுற்றுக்குச் சுற்று நேரம் எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கூட்டினால் 460 நொடி, அதாவது 7.40. அந்த இரண்டு பக்கத்திலும் விலை மதிப்புள்ள வரி அது ஒன்றுதான். உங்கள் மைதானம் 200 மீட்டர் சுற்று. 1500 மீட்டருக்கு ஏழரைச் சுற்று. 7 நிமிடம் என்பது 420 நொடி. ஆகவே ஒரு சுற்றுக்கு 56 நொடி. நீங்கள் முதல் சுற்றை 50 நொடியில் ஓடி, தேவைக்கு மேல் 6 நொடி வேகம் காட்டிவிட்டு, ஆறாவது சுற்றில் 68 நொடிக்குச் சரிந்திருக்கிறீர்கள். இவ்வளவு நாளும் உங்களைத் தோற்கடித்தது கால் அல்ல, முதல் சுற்று. 7.40 என்ற ஒற்றை எண்ணுக்குள் இந்தச் செய்தி மறைந்துபோய்விடும். எட்டு எண்களாகப் பிரித்து எழுதினால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இனி நோட்டில் எழுத வேண்டியவற்றைச் சொல்கிறேன். அன்று என்ன செய்யத் திட்டமிட்டீர்கள், என்ன செய்தீர்கள் என்ற இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். தரை ஈரமா, காய்ந்ததா, எந்த ஷூ, எத்தனை மணி நேரத் தூக்கம், எங்காவது வலி இருந்ததா என்பவற்றையும் சேருங்கள். என் மாணவன் ஒருவனின் பழைய நோட்டிலிருந்து ஒரு நாளை அப்படியே தருகிறேன்:

"செவ்வாய், காலை 5.40. மண் தரை, நேற்றைய மழையில் ஈரம். பழைய ஷூ. 200 மீட்டர் ஆறு முறை, இடையில் ஒரு சுற்று நடை. 55, 54, 55, 56, 57, 59. கடைசி இரண்டில் தோள் இறுகிப்போனது. கடினம் 7. தூக்கம் 6 மணி. இடது கெண்டைக்காலில் பிடிப்பு, ஐந்து நிமிடத்தில் விட்டது."

இதை எழுத அவனுக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். இதில் "கடினம் 7" என்று இருக்கிறதே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உடல் படும் பாட்டை ஓடுகிறவரே ஓர் எண்ணால் சொல்ல முடியும் என்பதை 1960களில் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் நிறுவிக் காட்டினார். அவருடைய முதல் அளவுகோல் 6இலிருந்து 20 வரை போகும். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ இதயத் துடிப்பு வரும் என்பதற்காகவே அப்படி அமைத்தார். பிற்பாடு பத்து வரை போகும் எளிய அளவுகோல் ஒன்றையும் தந்தார். சும்மா உட்கார்ந்திருப்பது 0. பேசிக்கொண்டே ஓட முடிவது 3. ஓரிரு சொல்லுக்கு மேல் பேச முடியாதது 7 அல்லது 8. இனி ஓர் அடிகூட முடியாது என்பது 10. அமெரிக்கப் பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் இந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கி, அந்த நாளின் சுமை என்று கணக்கிட்டார். 40 நிமிட எளிய ஓட்டம், கடினம் 3 என்றால் 120. 30 நிமிட வேகப் பயிற்சி, கடினம் 8 என்றால் 240. ஓடி முடித்த மூச்சிரைப்பிலேயே எண் போட்டால் கூடுதலாகத்தான் வரும். அரை மணி நேரம் கழித்து, மனம் அமைதியான பிறகு போடுங்கள். ஏழு நாள் எண்களையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பாருங்கள். ஒரு வாரம் 700 இருந்து மறுவாரம் 1100க்குத் தாவியிருந்தால், அதற்கடுத்த வாரம் வலி வருவதை எதிர்பார்க்கலாம்.

உங்களுக்கு என் யோசனை இது. வாரத்தில் இரண்டு நாள் மேலே சொன்ன 200 மீட்டர் ஓட்டங்கள், ஆறில் தொடங்கிப் பத்து வரை, 54 அல்லது 55 நொடியில். இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய 35 நிமிட ஓட்டம். ஒரு நாள் கயிறு ஏறுதலும் நீளம் தாண்டுதலும். இரண்டு நாள் முழு ஓய்வு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் முழு 1500 மீட்டர். அன்றைக்கு அந்தப் பென்சில் நண்பரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். முதல் சுற்றை 56 நொடிக்குக் கீழே ஓடக்கூடாது என்று நோட்டில் முதல் நாளே எழுதிவிட்டுப் படுங்கள்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் 800 மீட்டர் ஓடிய மாணவி ஒருத்தி, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது என்று வந்தாள். புது ஷூதான் காரணம் என்று அவளும் நானும் நினைத்தோம். நோட்டைப் புரட்டினால், ஷூ வாங்கி ஆறு வாரம் வலியே இல்லை. ஆண்டு விழாப் பந்தலுக்காக மைதானத்தில் குழி தோண்டிவிட்டதால் தார்ச்சாலையில் ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள் "எலும்பில் லேசான வலி" என்ற குறிப்பு முதல் முறையாக இருந்தது. சாலையை விட்டதும் மூன்று வாரத்தில் சரியானாள். எலும்பில் ஓரிடத்தைத் தொட்டாலே வலிக்கிறது, ஓய்வாக இருக்கும்போதும் வலிக்கிறது என்று உங்கள் நோட்டில் இரண்டு நாள் தொடர்ந்து எழுத நேர்ந்தால், ஓடுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்ணிய விரிசல் அப்படித்தான் தொடங்கும்.

ஜிம்முக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. நான்கு மாதமாக பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பயிற்சி) 50 கிலோவிலேயே நிற்கிறது. நோட்டெல்லாம் எதற்கு, மனதில் இருந்தால் போதும் என்கிறார் பயிற்சியாளர். அவர் சொல்வது சரியா? பனியன் கம்பெனியில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் வேலை பார்க்கிறேன்.
– வாசகர், திருப்பூர்

சரியல்ல. நாற்பது பேரைக் கவனிக்கும் பயிற்சியாளரின் மனதில் உங்கள் மூன்றாவது செட்டில், அதாவது ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் மூன்றாவது தொகுதியில், எத்தனை முறை தூக்கினீர்கள் என்பது இருக்க முடியாது. உங்கள் மனதிலேயே அது மூன்று நாள் நிற்காது.

படிப்படியாகச் சுமையைக் கூட்டும் முறையை மருத்துவ உலகம் ஏற்கும்படி செய்தவர் தாமஸ் டெலோர்ம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், காலில் அடிபட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் அவர். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் அளந்து, அதை அடிப்படையாக வைத்து வாரந்தோறும் எடையைக் கூட்டினார். அவருடைய முறையின் உயிர்நாடி அந்த அளவும் அதைக் குறித்துவைத்ததும்தான். போன வாரம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் இந்த வாரம் கூட்டுவது எப்படி?

நீங்கள் எழுத வேண்டியது எடை, ஒவ்வொரு செட்டிலும் எண்ணிக்கை, இன்னும் எத்தனை முறை தூக்கியிருக்க முடியும் என்ற உங்கள் மதிப்பீடு, செட்டுகளுக்கு இடையே எத்தனை நிமிட ஓய்வு. "50 கிலோ: 10, 8, 6. கடைசியில் மிச்சம் ஒன்று. ஓய்வு 2 நிமிடம்." ஒரு வரி போதும். மூன்று செட்டிலும் 12 வரும்வரை 50 கிலோவிலேயே இருங்கள். வந்ததும் இரண்டரைக் கிலோ கூட்டுங்கள். அப்போது எண்ணிக்கை 8 அல்லது 9க்கு இறங்கும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். 10, 8, 6 என்பது ஐந்து வாரத்தில் 11, 10, 9 ஆகியிருந்தால், எடை நின்றுபோனதாக நீங்கள் நினைக்கும் அதே நான்கு மாதத்தில் வளர்ச்சி இருந்திருக்கிறது. எழுதாததால் அது உங்கள் கண்ணில் படவில்லை. கம்பியின் எடையையும் சேர்த்து எழுதுகிறீர்களா என்று பாருங்கள். போட்டிக்கான பெரிய கம்பி மட்டுமே 20 கிலோ. சிறிய ஜிம்களில் கம்பிக்குக் கம்பி எடை மாறும். தட்டுகளை மட்டும் எண்ணி எழுதியவர்கள் ஜிம் மாறும்போது குழம்பிப்போவார்கள்.

ஷிப்டைக் கட்டாயம் எழுதுங்கள். பக்கத்தின் மேல் மூலையில் "ப" அல்லது "இ" என்று போட்டால் போதும். இரண்டு மாதம் கழித்து இரவு ஷிப்ட் வாரங்களில் எத்தனை முறை தூக்கினீர்கள் என்பதை மட்டும் தனியே பாருங்கள். அந்த வாரங்களில் மட்டும் எண்கள் தொடர்ந்து இறங்கியிருந்தால், அப்போது எடையைக் கூட்ட முயலாமல் பகல் ஷிப்ட் வாரத்துக்கு அதை ஒத்திவைக்கலாம்.

நினைவை நம்பக்கூடாது என்பதற்கு என் முழங்காலே சாட்சி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் திங்கட்கிழமைதோறும் முன்தொடையும் முழங்காலைச் சுற்றிய தசையும் வலித்தன. ஞாயிறு காலை போடும் பஸ்கிதான் காரணம் என்று தீர்மானித்து அதை நிறுத்தினேன், வலி நிற்கவில்லை. நோட்டில் பின்னோக்கிப் பார்த்தபோதுதான், அந்த வலி வந்த ஒவ்வொரு திங்களுக்கும் முந்தைய சனிக்கிழமை மாலை திருச்சி மலைக்கோட்டைக்கு ஏறி இறங்கியது தெரிந்தது. படி இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. அவ்வகை வேலையில் ஏற்படும் வலி உடனே தெரியாமல் ஒன்று முதல் மூன்று நாள் வரை கழித்தே உச்சத்துக்கு வரும். மனமோ வலிக்கு முந்தைய நாளைத்தான் குற்றம் சாட்டுகிறது. ஒன்றும் அறியாத பஸ்கியை ஒரு மாதம் தண்டித்துவிட்டேன்.

வயது 54. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி 45 நிமிடம் நடக்கிறேன். சில நாள் நடந்து முடிக்கும்போது படபடப்பும் வியர்வையும் வருகின்றன. எடையும் 68.4, 69.2, 68.1 என்று ஏறி இறங்குகிறதே தவிரக் குறையவில்லை.
– வாசகி, கும்பகோணம்

அம்மா, எடையைப் பிறகு பார்க்கலாம். படபடப்பை முதலில் பார்க்க வேண்டும். அது சர்க்கரை அளவு தாழ்வதன் அறிகுறியாக இருக்கலாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொள்பவர்களுக்கு நடையின்போது அளவு மிகவும் இறங்கிவிட வாய்ப்புண்டு. எல்லாச் சர்க்கரை மாத்திரைகளும் அப்படிச் செய்வதில்லை என்பதால், உங்கள் மாத்திரையின் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இரண்டு வாரத்துக்கு, நடக்கும் முன்பும் நடந்து வந்த பின்பும் குளுக்கோமீட்டரில் பார்த்து இரண்டு எண்களையும் எழுதுங்கள். பக்கத்திலேயே, முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை எத்தனை மணிக்கு, காலையில் காபியாவது குடித்தீர்களா, வெறும் வயிறா, எத்தனை நிமிடம் நடந்தீர்கள், படபடப்பு எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பவற்றைக் குறியுங்கள். படபடப்பு வந்தால் நடப்பதை நிறுத்திவிட்டு உடனே அளந்து பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் அளவுக்காகக் காத்திருக்காமல் சர்க்கரையைச் சாப்பிட்டுவிடுங்கள். நடக்கப் போகும்போது சிறு பொட்டலமாகச் சர்க்கரையை உடன் வைத்திருங்கள். நடையின் பலன் நடந்து முடித்ததோடு நிற்பதில்லை. ஒரு நாள் வரையிலும், சில வேளை அதற்கு மேலும், சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும். ஆகவே மாலையில் வரும் மயக்கத்தையும் எழுதுங்கள். இரண்டு வாரக் குறிப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம். நடையை விட்டுவிடவும் வேண்டாம். மாற்ற வேண்டியது என்ன என்பதை அந்தப் பக்கங்களைப் பார்த்து அவர் சொல்வார்.

எடைக்கு வருகிறேன். உடலில் தங்கும் தண்ணீர், உப்பு, உண்ட உணவு, மலம் கழித்தது ஆகியவற்றால் மட்டுமே ஒரு நாளுக்குள் ஒரு கிலோவுக்கு மேல் மாறும். முதல் நாள் இரவு ஊறுகாயோ அப்பளமோ கூடுதலாகச் சாப்பிட்டிருந்தால் மறுநாள் முள் ஏறித்தான் காட்டும். காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பின், எதையும் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதம் ஒரு முறை தையல் டேப்பால் இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது எல்லை. எடை அசையாத மாதங்களிலும் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் இறங்குவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

என் வாட்ச் எல்லாவற்றையும் தானே எழுதிவிடுகிறது: நடை, துடிப்பு, தூக்கம், கலோரி. இதற்கு மேல் ஒரு நோட்டு தேவையா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

வாட்ச் தருவதில் துடிப்பு, நேரம், தூரம் ஆகியவற்றை ஓரளவு நம்பலாம். உயரமான கட்டடங்களுக்கும் மேம்பாலத்துக்கும் கீழே ஓடினால் தூரம் பிசகும். கலோரிக் கணக்கை நம்பி ஒரு வடைகூடக் கூடுதலாகச் சாப்பிட வேண்டாம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது, துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே கணித்தன. கலோரியிலோ, இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது.

தினம் 10,000 அடி என்ற இலக்கின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு "மான்போ-கேய்" என்று பெயர் வைத்தார்கள். "பத்தாயிரம் அடி மானி" என்பது அதன் பொருள். எண் பரவியது அங்கிருந்துதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அடிக்கணக்கில் பேசவில்லை: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடும் உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நீங்கள் 9,200 அடியில் நின்ற நாளைத் தோல்வியாக எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

வாட்சுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்று ஓட்டம் ஏன் மெதுவானது என்பது அதற்குத் தெரியாது. மதியம் சாப்பிடாமல் மீட்டிங்கில் இருந்ததையும், வலது குதிகால் முதல் பத்து அடியில் மட்டும் வலித்ததையும் நீங்கள்தான் எழுத வேண்டும். நோட்டுதான் வேண்டும் என்பதில்லை. போனில் இரண்டு வரி எழுதினாலும் போதும். செயலிகளில் எழுதுபவர்கள் வீட்டு வாசலிலிருந்து ஓட்டப் பாதையைப் பொதுவில் காட்டாதபடி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்கள் வழியே ராணுவ முகாம்களின் அமைப்பே வெளியில் தெரிந்துவிட்டதாக 2018 ஜனவரியில் செய்தி வந்தது. ராணுவ முகாமுக்கு நேர்ந்தது, தினமும் அதே நேரத்தில் தனியே ஓடும் ஒரு பெண்ணின் வீட்டுக்கும் நேரலாம்.

என் மகனுக்கு 17 வயது. ஓட்டம், எடை, சாப்பாட்டின் கிராம் கணக்கு எல்லாவற்றையும் எழுதுகிறான். நோட்டில் ஒரு நாள் விட்டுப்போனால் அழுகிறான். காய்ச்சலோடும் ஓடினான். அண்ணன் திருமண விருந்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நல்ல பழக்கம்தானே என்று விட்டுவிடலாமா?
– வாசகி, நாமக்கல்

விட்டுவிடாதீர்கள், அம்மா. இத்தனை பக்கம் நோட்டின் பெருமையைப் பேசும் நானே சொல்கிறேன்: உங்கள் மகனிடம் இப்போது நோட்டு பயிற்சிக்காக இல்லை, பயிற்சி நோட்டுக்காக நடக்கிறது.

காய்ச்சலோடு ஓடுவது ஆபத்து. வைரஸ் காய்ச்சலின்போது கிருமி இதயத் தசையையும் தாக்கக்கூடும். அந்த நேரத்தில் கடுமையாக உழைத்தால் உயிருக்கே கேடு நேரலாம். இதை அவனுக்கு நேரடியாகச் சொல்லுங்கள். ஓட்டத்தில் ஆர்வமுள்ள பையன் என்பதால் ரான் ஹில்லின் கதையையும் சொல்லுங்கள். 1970இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற ஆங்கிலேயர் அவர். 1964 டிசம்பரிலிருந்து ஒரு நாள் விடாமல் குறைந்தது ஒரு மைலாவது ஓடி, கணக்கு வைத்து, 52 ஆண்டுகளைக் கடந்தார். 2017 ஜனவரியில் ஓடும்போது நெஞ்சுவலி வந்தது. மறுநாள் ஓடவில்லை. 52 ஆண்டுக் கணக்கையே ஒருவர் உடலுக்காக நிறுத்தலாம் என்றால், உங்கள் மகன் காய்ச்சலுக்காக நான்கு நாள் நிறுத்தலாம்.

நோட்டைப் பிடுங்கி ஒளித்துவைக்க வேண்டாம். மறைவாக இன்னொன்று தொடங்குவான். ஒரு மாதத்துக்கு எண் இல்லாமல் எழுதும்படி அவனோடு பேசி இணங்கவையுங்கள்: "காலையில் நண்பனோடு ஓடினேன், காற்று நன்றாக இருந்தது" என்ற அளவில். எடை பார்க்கும் கருவியை அந்த மாதம் அவன் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். ஓய்வு நாளையும் ஒரு பதிவாக எழுதச் சொல்லுங்கள். அவன் எடை குறைந்துகொண்டே வந்தாலோ, உணவை ஒளித்தாலோ, அழுகை தொடர்ந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண்ணான 14416க்கு எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள். இந்த வயதுப் பெண்களுக்குத்தான் இப்படி வரும் என்று சிலர் ஆறுதல் சொல்லக்கூடும். பையன்களுக்கும் வரும்.

71 வயதில் எதற்கு நோட்டு? பேரன் வாங்கித் தந்த வாட்சில் துடிப்பு 95ஐத் தாண்டுவதே இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன்.
– வாசகர், மயிலாடுதுறை

மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகளின் வேலையே துடிப்பை அடக்குவதுதான். உச்சத் துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது; அந்த எண்ணை எட்டுவதற்காக வேகமாக நடக்க வேண்டாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவு மூச்சு இருந்தால் போதுமான வேகம்தான். துடிப்புக்குப் பதிலாக அதை எழுதுங்கள்.

மாதத்துக்கு ஒரு முறை, சுவரோடு சேர்த்துப் போட்ட கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடிக்குள் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். ஜூன் மாதம் 11 முறை, செப்டம்பரில் 8 முறை என்று இறங்கினால், கீழே விழுவதற்கு முன்பே காலின் வலு குறைவது தெரிந்துவிடும். அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் உடல் சமநிலைப் பயிற்சியையும் மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது. சுவரைத் தொடும் தூரத்தில் ஒற்றைக் காலில் எத்தனை நொடி நின்றீர்கள் என்பதும் நோட்டுக்கு உரியதே. தலை சுற்றிய நாளை மாத்திரை நேரத்தோடு சேர்த்து எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

டெங்கு வந்து மூன்று வாரம் பயிற்சி இல்லை. நோட்டில் வெற்றுப் பக்கங்களைப் பார்த்தால் மனம் கசக்கிறது. புது நோட்டு தொடங்கட்டுமா?
– வாசகி, பெரியகுளம்

வேண்டாம். அதே நோட்டில், அதே பக்கத்தில், "டெங்கு, 21 நாள்" என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலிருந்து தொடருங்கள். பழைய பக்கங்கள் இப்போதுதான் உங்களுக்கு அதிகம் தேவைப்படும். நோயில் விழுவதற்கு முன் நின்ற இடத்திலிருந்து தொடங்காமல், மூன்று நான்கு மாதம் பின்னோக்கிப் புரட்டி, நீங்கள் எளிதாகச் செய்துகொண்டிருந்த ஒரு வாரத்தைத் தேடி எடுங்கள். அதில் பாதியை இந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணி எழுதுங்கள். நோய்க்கு முன் உங்களுக்கு 66 இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது 76 என்றால் அன்று நடை மட்டும், அதுவும் 15 நிமிடம். அந்த எண் 70க்குள் வந்து நான்கைந்து நாள் அங்கேயே நின்ற பிறகு ஓடத் தொடங்குங்கள். மருத்துவர் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து, சரி என்று சொன்ன தேதியையும் அதே பக்கத்தில் குறித்துவையுங்கள்.